விளையாட்டுப் பீரியடை மீட்ட கதை

எங்கள் பள்ளிக்கு உடலியக்கக் கொள்கை என்று நான் முதலில் எழுதியது 11 பக்கம். யாரும் படிக்கவில்லை. தேர்வு நெருங்கியதும் கணக்கு ஆசிரியர் வழக்கம்போல விளையாட்டுப் பீரியடை வாங்கிக்கொண்டார். வீட்டுப்பாடம் செய்யாதவனை இடைவேளையில் வகுப்பிலேயே உட்காரவைத்தார்கள்.

சரி, எங்கே தப்பு என்று பார்க்க ஒரு வாரம் மைதானத்து ஓரமாக நோட்டோடு நின்றேன். இருந்த இரண்டு பந்தும் பெரிய பையன்கள் கையில். பெண் பிள்ளைகள் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "விளையாட இடம் எங்கே சார் இருக்கு?" என்றாள் ஒருத்தி. என் 11 பக்கத்தில் இந்தக் கேள்வியே இல்லை.

5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 2 பீரியடை வைத்துக்கொண்டு அதை எட்ட முடியாது. இடைவேளையும் சேர்ந்தால்தான் உண்டு.

அப்புறம் ஒரே பக்கமாக மாற்றி எழுதினேன். பீரியடை எடுத்தால் அதே வாரம் திருப்பித் தர வேண்டும். இடைவேளையைப் பிடுங்குவது தண்டனை ஆகாது. மைதானத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்தோம். ஒரு பகுதிக்குள் பந்து வரவே கூடாது. அங்கே நாலு ஸ்கிப்பிங் கயிறு போட்டேன், அவ்வளவுதான். மறுநாளே சுவரோரம் காலி.

கடன் கணக்கை ஆசிரியர் அறைப் பலகையில் எழுதுகிறோம். கணக்கு ஆசிரியர் பெயருக்கு நேரே இன்னும் 1 பீரியட் பாக்கி.