துருப்பிடிச்ச பழைய உளியை தீட்டி எடுக்கிறது எப்படி?

பழைய இரும்புக் கடையிலயோ வீட்டுப் பரண்லயோ பழங்காலத்து உளி கிடைச்சா தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க. கழுத்துப் பக்கம் துடைச்சுப் பாருங்க, சிலதுல "ஷெஃபீல்டு", "காஸ்ட் ஸ்டீல்"னு முத்திரை இருக்கும். இது வார்ப்பிரும்பு கிடையாதுங்க. 1740கள்ல இங்கிலாந்து ஷெஃபீல்டுல பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில, அதாவது உருக்குற மண் பாத்திரத்துல, எஃகு உருக்குற முறையை கொண்டு வந்தாரே, அந்த வழியில வந்த எஃகு, நல்லா கூர் பிடிக்கும், கையால தீட்டவும் சுகமா இருக்கும்.

முதல்ல உளியை திருப்பி தட்டையான பக்கத்தைப் பாருங்க. மேலாக்க துரு இருந்தா கவலையே இல்ல, பிடி உடைஞ்சிருந்தாலும் பரவாயில்ல, ஆனா வாய்க்கு, அதாவது வெட்டுற முனைக்கு, பக்கத்துல ஊசி குத்தின மாதிரி ஆழமா குழி குழியா இருந்தா அல்லது விரிசல் தெரிஞ்சா விட்டுடுங்க. குழி வாய் வரைக்கும் வந்துச்சுன்னா அந்த இடத்துல எப்பவுமே பல்லு விழுந்த மாதிரிதான் வெட்டும்.

அடுத்து துரு. பிடியையும் முத்திரையையும் நனைக்காம மத்த இரும்பை மட்டும் வெள்ளை வினிகர்ல ஒரு ராத்திரி ஊற வைங்க, காலையில பழைய டூத் பிரஷ் போட்டு தேய்ச்சா கருப்பா கழண்டு வரும். நாள்கணக்கா ஊறப் போட்டா நல்ல எஃகையும் அரிச்சிடும். எடுத்ததும் ஆப்ப சோடா கலந்த தண்ணில கழுவி, உடனே ஈரமில்லாம துடைச்சு எண்ணெய் தடவிடணும், இல்லன்னா கண்ணு முன்னாடியே திரும்ப துரு ஏறும். முத்திரை இருக்கிற இடத்துல மட்டும் வினிகரும் வேணாம், உப்புத்தாளும் வேணாம், மண்ணெண்ணெய் தொட்டு ஸ்டீல் ஊல்ல மெதுவா தேய்ச்சா போதும். அந்த எழுத்து அழிஞ்சா திரும்ப வராது.

இப்போதான் முக்கியமான வேலை. கூர்ங்கிறது ரெண்டு பக்கம் வந்து சேர்ற கோடு, நிறைய பேர் சரிவான பக்கத்தையே தீட்டித் தீட்டி ஏன் வெட்டலன்னு கேக்குறாங்க, பின்பக்கம், அதாவது அந்த தட்டையான பக்கம், மேடு பள்ளமா இருந்தா எவ்வளவு தீட்டினாலும் வெட்டாது. 8 மிமீ கண்ணாடித் துண்டோ, கிரானைட் டைலோ எடுத்து அது மேல 120 நம்பர் வாட்டர் பேப்பரை தண்ணி தொட்டு ஒட்டுங்க. பின்பக்கம் பூரா மார்க்கரால கோடு போட்டுட்டு, வாய்ல இருந்து 25 மிமீ வரைக்கும் பேப்பர் மேல படுக்க வெச்சு, விரலால நல்லா அழுத்தி முன்னும் பின்னும் தேய்ங்க. மார்க்கர் அழிஞ்ச இடம் மேடு, மிச்சம் இருக்கிற இடம் பள்ளம். வாயை ஒட்டி இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே மாதிரி சாம்பல் கலர் வந்ததும் 220, 400, 800, 1000னு ஏறிப் போங்க. ஒவ்வொரு நம்பர்லயும் முந்தின நம்பரோட கீறல் மொத்தமும் போன பிறகுதான் அடுத்தது. பின்பக்கத்துல அந்த 25 மிமீக்கு மேல இருக்கிற இடத்தை தேய்க்கத் தேவையே இல்ல, நிறைய பழைய உளிகள்ல மெது இரும்பு மேல பின்பக்கம் மட்டும்தான் எஃகை வெச்சு அடிச்சு ஒட்டியிருப்பாங்க, அதை வீணா தேய்ச்சுத் தீர்த்துடாதீங்க. தேய்க்கிறப்ப கைப்பிடிப் பக்கம் உளியை தூக்கினா வாய் ஓரம் உருண்டுடும், அதனால படுத்த படுக்கையாவே இருக்கட்டும்.

சரிவுக்கு 25 டிகிரி வைங்க. அளக்க கருவி இல்லன்னா சரிவோட நீளம் உளியோட தடிமனைப் போல 2.4 மடங்கு, அதாவது 3 மிமீ தடிமன்னா 7 மிமீக்கு கொஞ்சம் மேல. வாய் உடைஞ்சு போயிருந்தா மட்டும் பெஞ்ச் கிரைண்டர் எடுங்க, லேசா தொட்டு, அடிக்கடி தண்ணில முக்கி, வெறும் விரலால தொட்டா சுடாத அளவுக்கு வெச்சுக்கங்க. கண்ணாடி போடாம கிரைண்டர் பக்கம் போகாதீங்க. நீலக் கலர் வந்துட்டா கிட்டத்தட்ட 300 டிகிரி போயிருக்கு, பதம் போச்சு, அந்த இடத்தை முழுசா தேய்ச்சு எடுத்தாத்தான் உண்டு.

அப்புறம் உளியை ஒரே கோணத்துல பிடிச்சு வைக்கிற ஹோனிங் கைடுல மாட்டி 1000 நம்பர் கல்லுல தேய்ச்சு, கடைசில வாய்ல மட்டும் 30 டிகிரில ஒரு சின்ன சரிவு கொடுங்க, தேக்கு மாதிரி மரத்துக்கு இது ரொம்ப தேவை. பின்பக்கமா விரலை வாயை விட்டு வெளிய தள்ளுற மாதிரி நகர்த்திப் பாத்தா மெல்லிசா ஒரு பிசிறு தட்டுப்படும். வாய் முழுக்க அது வந்தாத்தான் ரெண்டு பக்கமும் சேர்ந்திருக்குன்னு அர்த்தம், பாதில நின்னா இன்னும் தேய்க்கணும். 6000 நம்பர் கல்லுல சரிவை நாலு இழுப்பு, பின்பக்கத்தை படுக்க வெச்சு ஒரு இழுப்புன்னு மாத்தி மாத்தி போனா பிசிறு உதிர்ந்திடும். பிறகு பலகையில ஒட்டின தோல்ல பச்சை பாலிஷிங் சோப்பு தடவி பின்னோக்கி மட்டும் இழுங்க, முன்னால தள்ளினா தோலு கிழிஞ்சிடும்.

சோதிக்க பேப்பரை விட பைன் மரத் துண்டோட வெட்டுமுகத்துல, அதாவது நாருக்கு குறுக்கே அறுத்த முனையில, சீவிப் பாக்கிறது நல்லது. நார் நசுங்காம, வெட்டின இடம் பளபளன்னு வந்தா உளி தயார்.

புது பிடிக்கு கருவேல மரம் அருமையா இருக்கும், கொட்டாப்புளி அடி தாங்கணும்னா மேல இரும்புப் பூண் ஒண்ணு போட்டுடுங்க. லின்சீட் எண்ணெய் தடவினா, துடைச்ச துணியை சுருட்டி மூலையில போடாதீங்க, தானா தீப்பிடிக்கும், விரிச்சு வெளிய காயப் போடுங்க. கடலோர ஊர்க்காரங்க வேலை முடிஞ்சதும் இரும்பு பூரா மெஷின் எண்ணெய் தடவி வைக்கணும், உளிகளை ஒண்ணோட ஒண்ணு இடிக்க விடாம தனித்தனியா வைங்க.