மனசு சோர்ந்த நாளில் ஒரு சின்ன வேலை

மனசு சோர்ந்து கிடக்கும் நாளில் பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். பத்து நிமிடத்தில் முடிகிற ஒரே ஒரு வேலை போதும்: நாற்காலியில் குவிந்த துணியை மடிப்பது, தெருமுனை வரை நடந்துவிட்டு வருவது. ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தொடங்கிய பிறகுதான் பெரும்பாலும் அது வரும். மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சையிலும் இந்த வழி உண்டு.

அப்புறம், ஒரு நோட்டில் நீங்கள் சாதித்தவற்றை எழுதி வையுங்கள். அரியர் பேப்பரை முடித்தது, அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்களைத் தனியாகச் சமாளித்தது, எல்லாமே கணக்கில் சேரும். தெம்பாக இருக்கும் நாளிலேயே எழுதிவிடுங்கள். சோர்ந்த மனசு, ‘நான் என்ன பெரிசா செய்துவிட்டேன்’ என்றுதான் சொல்லும்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.