ஆன்லைன்ல வாங்குன பழைய வயலின் உடைஞ்சு வந்தா என்ன செய்யணும்?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் கோயில் வயலின் வகுப்புக்குப் போற பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா ஆன்லைன்ல பழைய ஜெர்மன் வயலின் வாங்கித் தர்றாங்க, அதே காசுக்கு வர்ற புது பேக்டரி வயலினை விட சத்தம் நல்லா இருக்கும்னு, அது பல நேரம் உண்மையும்கூட. ஆனா கப்பல், விமானம், கூரியர் லோரினு குலுங்கி தோட்டத்து வீடு வரைக்கும் வந்து சேர்றப்போ கழுத்து கழண்டு, குதிரை (ஸ்ட்ரிங்கைத் தூக்கிப் பிடிக்கற சின்ன மரப்பாலம்) சாஞ்சு, மேல்பலகை பிளந்து கிடக்குறதும் நடக்குது. அந்த முதல் ஒரு மணி நேரத்துல அவசரப்பட்டு கை வைக்காம இருந்தாலே பணமும் தப்பிக்கும் வயலினும் தப்பிக்கும்.

படி 1: பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ

டேப்பை வெட்டுறதுக்கு முன்னாடி ஹேண்ட்போனை யாராவது பிடிச்சுக்கட்டும். பெட்டியோட ஆறு பக்கமும், கூரியர் ஒட்டின சீட்டும், நசுங்கின மூலையும் தெரியணும், அப்புறம் வெட்டாம நிறுத்தாம ஒரே வீடியோவா உள்ள எப்படிப் பேக் பண்ணியிருக்காங்கனு காட்டணும். இதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னா பாதி உடைசல் பேக்கிங்லதான் ஆரம்பிக்குது: ஸ்ட்ரிங்கை முழு இழுப்போட விட்டுடுவாங்க, ஸ்ட்ரிங்கோட கீழ்முனை மாட்டியிருக்கற டெயில்பீஸுக்கு அடியில துணி வைக்க மாட்டாங்க, வில்லை கேஸ்ல சரியா மாட்டாம விட்டா அது ஆடி ஆடி மேல்பலகையைக் குத்தும். பெட்டி, பபிள் ராப் எதையும் தூக்கிப் போடாதீங்க, கூரியர்ல இருந்து நேர்ல பார்க்கணும்னு கேப்பாங்க. ஆப்ல "ஆர்டர் கிடைச்சிடுச்சு"ங்கற பட்டனையும் அமுக்காதீங்க, அமுக்கினா பணம் செல்லர் கைக்குப் போயிடும்.

படி 2: ஸ்ட்ரிங்

நாலு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல இழுக்குது, அந்த பாரத்துல ஒரு பங்கு குதிரை வழியா மேல்பலகையில இறங்குது. உள்ள அதைத் தாங்கறது சவுண்ட் போஸ்ட்னு ஒரு சின்ன மரக்குச்சி, பசை எதுவும் இல்லாம மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவுல இறுக்கத்துலயே நிக்கும். எப் வடிவ ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க, குதிரையோட மெல்லிசு ஸ்ட்ரிங் பக்கத்துக் காலுக்குக் கொஞ்சம் பின்னாடி அது நிக்கணும். விழுந்து உருண்டு கிடந்தாலோ, பலகையில விரிசல் இருந்தாலோ, கழுத்து ஆடினாலோ ஸ்ட்ரிங்கை முறுக்கற நாலு பிருடையையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க. அது நேரா நின்னு விரிசலும் இல்லைன்னா முழுசா தளர்த்தாதீங்க, தளர்த்தினா நல்லா நிக்கிற போஸ்ட்டும் விழுந்துடும்.

படி 3: எங்க உடைஞ்சிருக்குனு பாருங்க

விரல் முட்டியால ஓரம் சுத்தி மெதுவா தட்டிட்டே வாங்க, ஒரு இடத்துல மட்டும் தளதளன்னு சத்தம் மாறினா அங்க ஒட்டு விட்டிருக்குனு அர்த்தம். அதுக்குப் பயப்பட வேணாம். பழைய வயலின்ல போடறது மாட்டுத்தோல்ல காய்ச்சின பசை, மரம் பிளக்கறதுக்கு முன்னாடி ஒட்டு விட்டுக் கொடுக்கணும்னுதான் ஓரத்துல அதை லேசா போடுவாங்க, திரும்ப ஒட்டறதும் சுலபம். வெயில்ல நின்ன லோரிச் சூடும் நம்ம ஊர் ஈரப்பதமும் சேர்ந்தாலே அந்தப் பசை இளகும். கழுத்து கழண்டாலும் சரி பண்ணலாம். மோசமானது பின்பலகையில சவுண்ட் போஸ்ட் நிக்கிற இடத்துல வர்ற விரிசல், உள்ள பேட்ச் வச்சு ஒட்டினாலும் வயலினோட மதிப்பு நல்லா இறங்கிடும்.

படி 4: பசை வேணாம், தயவுசெஞ்சு வேணாம்

சூப்பர் க்ளூ, எப்பாக்ஸி, தச்சர் போடற வெள்ளைப் பசை எதுவும் வேணாம். அதெல்லாம் மரத்துக்குள்ள ஊறிட்டா தோல்பசை அப்புறம் பிடிக்காது, ரிப்பேர் பண்றவர் அதைச் சுரண்டி எடுக்கறதுக்கே தனியா காசு கேப்பார், சில நேரம் எடுக்கவே முடியாது. வார்னிஷ் மேல செலோடேப் ஒட்டினா வார்னிஷும் சேர்ந்து உரிஞ்சு வரும். விரிசலைத் தடவாதீங்க, கை எண்ணெய் ஏறக்கூடாது. உதிர்ந்த சிலாம்பு ஒண்ணு விடாம ஒரு கவர்ல போட்டு வைங்க, சுத்தமா உடைஞ்ச மரம் அச்சா பொருந்தும்.

படி 5: கிளைம்

செல்லர் அந்த விளம்பரத்தை எடுத்துடறதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் எடுங்க. உள்ள ஒட்டியிருக்கற "ஸ்ட்ராடிவேரியஸ்" லேபிளை வச்சு மதிப்பு பேசாதீங்க, அந்தப் பேர்பெற்ற இத்தாலிய வயலின் செய்யறவர் 1737லயே இறந்துட்டார், அந்த லேபிள் ஜெர்மனியில மார்க்நாய்கிர்ஷன் பக்கம் செஞ்ச ஆயிரக்கணக்கான சாதா வயலின்லயும் இருக்கு. நீங்க கட்டின ரசீதுதான் கணக்கு. ஈப்போவுலயோ கோலாலம்பூர்லயோ வயலின் ரிப்பேர் பண்றவர்கிட்ட எழுத்துல ரெண்டு விஷயம் வாங்குங்க: ரிப்பேர் செலவு எவ்வளவு, ரிப்பேருக்கு அப்புறம் மதிப்பு எவ்வளவு குறையும். ரெண்டாவதைக் கேக்க நிறைய பேர் மறந்துடறாங்க.

நாள் கணக்கு பார்த்துக்குங்க. விமானச் சரக்கா வந்திருந்தா மான்ட்ரியல் ஒப்பந்தம்ங்கற சர்வதேச விமானப் போக்குவரத்து விதிப்படி கைக்கு வந்த 14 நாளுக்குள்ள எழுத்துல புகார் போகணும், பேபால்ல கட்டியிருந்தா பணம் கட்டின நாள்ல இருந்து 180 நாள். பழங்கால சாமானுக்கு இன்சூரன்ஸ் கிடையாதுனு நிறைய கூரியர் விதியில இருக்கும், அப்போ கூரியரோட மல்லுக்கட்டாம செல்லரையும் நீங்க வாங்கின தளத்தையும் பிடிங்க. செல்லர் மலேசியாவுல வியாபாரம் பண்றவர்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டி 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் தேவையில்லை.

பாதிப் பணம் திருப்பித் தர்றேன், வயலினை வச்சுக்கோங்கனு செல்லர் சொன்னா, ஓரத்து ஒட்டு மட்டும் விட்டிருந்தா நான் சரின்னுதான் சொல்வேன், பிள்ளை கத்துக்க அது போதும். பின்பலகை விரிசல்னா முழுப் பணமும் கேளுங்க, திருப்பி அனுப்பற செலவும் செல்லரே கட்டணும்னு மெசேஜ்ல எழுதி வாங்கினதுக்கு அப்புறம்தான் பெட்டியைக் கட்டணும்.