இலவசத் தளத்தில் எழுதத் தொடங்கும் முன்

மன்னார்குடிப் பக்கம் குத்தகைக்கு உழுகிறவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1952-இல் தஞ்சைக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-இல் மாநிலம் முழுவதற்கும் வந்தது. காரணமில்லாமல் அவரை நிலத்திலிருந்து இறக்கிவிட முடியாது. இலவச இணையதளத்தில் ஊர்க்கதையும் கோயில் வரலாறும் எழுதுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மக்கள் இலவசமாகப் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாஹூ 2009-இல் மூடியது. கூகுள் தன் சமூக வலைத்தளங்களான ஆர்குட்டை 2014-இலும் கூகுள் பிளஸை 2019-இலும் மூடியது. முன்னறிவிப்பு தந்தார்கள்தான்; அதைப் பார்க்காதவர்களின் எழுத்து போயிற்று.

அதற்காக அங்கே எழுதாமலும் இருக்க முடியாது, வாசகர்கள் இருப்பது அங்கேதான். கீழே உள்ளபடி செய்துகொண்டு எழுதுங்கள்.

1. மூலப்பிரதி

தளத்தின் பெட்டிக்குள் நேரடியாகத் தட்டச்சு செய்யாதீர்கள். தனிக் கோப்பில் எழுதிச் சேமித்து, பிறகு ஒட்டுங்கள். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் எழுதுங்கள். கும்பகோணத்து டி.டி.பி. கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

2. விதிமுறைகள்

முழுவதையும் யாரும் படிப்பதில்லை. இரண்டு இடங்களை மட்டுமாவது தேடிப் படியுங்கள்.

முதலாவது, உரிமை. ஃபேஸ்புக் போன்ற தளங்கள் உங்கள் எழுத்தைப் பயன்படுத்த ராயல்டி இல்லாத, உலகளாவிய அனுமதியைக் கேட்கின்றன. பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். இதைப் பார்த்து மிரள வேண்டாம். மிரள வேண்டியது, "பதிப்புரிமையை ஒப்படைக்கிறேன்" என்ற வரியைக் கண்டால். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் எழுத்தின் மீதான உரிமை உங்கள் ஆயுளுக்கும், அதற்குப்பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. ஒப்படைப்பில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். ஆனால், "முழுக் காலத்துக்கும்" என்று எழுதி நீங்கள் ஒப்புக்கொண்டால் பேரப்பிள்ளைகளுக்கும் மிச்சமிருக்காது. அப்படிக் கேட்கும் தளத்துக்கு நான் ஒரு வரிகூடத் தர மாட்டேன்.

இரண்டாவது, வேறெங்கும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை. அமேசானில் மின்னூல் வெளியிடுகிறவர்களுக்கான கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் நூலைச் சேர்த்தால், 90 நாட்களுக்கு அதே நூலை உங்கள் வலைப்பூவில்கூட முழுமையாக வைக்க முடியாது. நிறுத்தாவிட்டால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

3. காப்புப் பிரதி

வலைப்பூத் தளங்களான பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை செய்தால் போதும். அந்தக் கோப்பில் எழுத்து மட்டுமே இருக்கும். படங்களுக்கு முகவரிகள்தான் இருக்கும். கடைமடைக்குத் தண்ணீர் வந்த அன்று எடுத்த படத்தைத் தனியாகச் சேமிக்க வேண்டும்.

4. சொந்த முகவரி

உங்களுக்கென்று ஒரு டொமைன் பெயர் (இணைய முகவரி) வாங்கி, எழுதுவதை முதலில் அங்கே வெளியிட்டுப் பிறகு மற்ற தளங்களில் பகிருங்கள். ஆண்டுக் கட்டணம் உண்டு. தவறினால் பெயர் வேறொருவர் கைக்குப் போய்விடும். கணினி தெரிந்த மருமகன் அமைத்துத் தரட்டும், ஆனால் பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.