பழைய ஹார்ட் டிஸ்க்கின் கையை மைக்ரோமீற்றர் கணக்கில் நகர்த்துவது எப்படி

நுண் நகர்வு என்றதும் பலர் ஸ்டெப்பர் மோட்டாரும் திருகுத் தண்டும் வாங்கிவிடுகிறார்கள். சாதாரணத் தண்டில் நட்டின் ஆட்டமே பல பத்து மைக்ரோமீற்றர் இருக்கும். அந்த ஆட்டத்தை எந்த புரோகிராமாலும் முழுதாக மறைக்க முடியாது.

எதை வைத்து நகர்த்துவது என்பதை நகர வேண்டிய தூரமே தீர்மானிக்கும். பீசோ அடுக்கு என்பது வோல்ற் கொடுத்தால் நீளும் பீங்கான் தகடுகளின் அடுக்கு. 18 மில்லிமீற்றர் அடுக்கு முழு வோல்ற் கொடுத்தாலும் 15 மைக்ரோமீற்றர் அளவுதான் நீளும். சூடானால் சுருங்கும் நிக்கல்-டைட்டேனியக் கலப்புலோகமான நிட்டினோல் கம்பி தன் நீளத்தில் 4 சதவீதம் சுருங்கும். 0.15 மில்லிமீற்றர் தடிப்பான கம்பிக்கு 0.4 அம்பியர் போதும், ஆனால் ஆறித் திரும்ப 2 செக்கன் வரை ஆகும். 30 பாகையில் இருக்கும் கொழும்பு அறையில் இன்னும் நேரம் எடுக்கும். தாழ்ப்பாள் திறக்க அது நல்லது, நுண் நகர்வுக்கு வேண்டாம். சில மில்லிமீற்றர் தூரமும் வேகமும் வேண்டுமென்றால் வொய்ஸ் கொயில்தான், அதாவது காந்தத்தின் புலத்துக்குள் நகரும் கம்பிச் சுருள். ஹார்ட் டிஸ்க்கில் வாசிக்கும் தலைகளைத் தாங்கும் கையை நகர்த்துவதும் அதுவே. அதில் விசை மின்னோட்டத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும், காந்தமும் கொயிலும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

பழுதான 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கில் காந்தம், கொயில், பெயாரிங் மூன்றும் பொருத்தமாகக் கிடைக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டி கணினிக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். மடிகணினியின் 2.5 அங்குல டிஸ்க் வேண்டாம். அதன் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, கழற்றும்போது சிதறும்.

மூடிக்குப் பெரும்பாலும் டி8 டொர்க்ஸ் (நட்சத்திர முனைத் திருப்புளி) போதும். மூடி அசையாவிட்டால் லேபலின் கீழே விரலால் தடவுங்கள், ஒரு திருகாணி ஒளிந்திருக்கும். மேல் காந்தத் தகட்டை மரத்துண்டால் நெம்பித் தூக்குங்கள், விரலை இடையில் விடாதீர்கள். கையை ஓரத்தில் பிடித்து வைக்கும் சிறு பூட்டைக் கழற்றிவிடுங்கள். தலைகள் இருக்கும் மெல்லிய தகடுகளை அடியோடு வெட்டுங்கள், இல்லாவிட்டால் அவை அதிரும். கொயிலின் இரு முனைகளை மல்டிமீற்றரால் கண்டுபிடியுங்கள். 5 முதல் 20 ஓமுக்குள் காட்டும். பழைய பட்டைக் கேபிள் கையைச் சுருள்வில் போல ஒரு பக்கம் இழுக்கும். அதை எடுத்துவிட்டு, மெல்லிய எனாமல் கம்பியைத் தளர்வான வளையமாகச் சொல்டர் செய்யுங்கள்.

கொயிலுக்கு மின்னோட்டம் கொடுக்கும் டிரைவருக்கு எல்298 மோட்டார் போர்டை எடுக்காதீர்கள். அதன் சுவிட்சிங் மின் இரைச்சல் சென்சருக்குள் ஏறும், மின்னோட்டம் பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் கை தடுமாறும். எல்272 பவர் ஓப் அம்ப் (கூடிய மின்னோட்டம் தரும் பெருக்கி ஐசி), ±12 வோல்ற் சப்ளை போதும். கொயிலின் ஒரு முனை ஓப் அம்பின் வெளியீட்டுக்கு, மறுமுனை 1 ஓம் 2 வாற் தடை வழியாகக் கிரவுண்டுக்கு. கொயிலும் தடையும் சேரும் புள்ளியிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக மறை உள்ளீட்டுக்குக் கொண்டுபோங்கள். வெளியீட்டுக்கும் மறை உள்ளீட்டுக்கும் இடையே 1 நனோஃபரட் கப்பாசிட்டர் போட்டுத் தொடங்குங்கள். இப்போது நேர் உள்ளீட்டுக்கு 0.2 வோல்ற் கொடுத்தால் 0.2 அம்பியர் ஓடும், கொயில் சூடேறித் தடை கூடினாலும் மாறாது. தொடர்ச்சியாக 0.2 அம்பியருக்கு மேல் போகாதீர்கள், ஐசி கொதிக்கும். எல்272இன் மற்றப் பாதியால், மைக்ரோகொன்ட்ரோலரின் எண்ணை வோல்ற்றாக்கும் எம்சிபி4922 டாக்கின் வெளியீட்டை ±0.5 வோல்ற்றுக்குள் மாற்றி அனுப்புங்கள். ±12 வோல்ற்றுக்குத் தனிச் சுவிட்ச் வைத்து, மைக்ரோகொன்ட்ரோலரில் புரோகிராம் ஓடத் தொடங்கிய பின்பே போடுங்கள். இல்லாவிட்டால் ரீசெட் ஆகும் ஒவ்வொரு முறையும் கை ஓரத்தில் போய் அடிக்கும்.

சென்சரில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. கையின் நுனியில் 3 மில்லிமீற்றர் வட்டக் காந்தங்கள் இரண்டைப் பக்கத்துப் பக்கமாக ஒட்டுங்கள். ஒன்றின் வடமுனையும் மற்றதன் தென்முனையும் சென்சரைப் பார்க்க வேண்டும். எதிரே காந்தப்புலத்தை அளக்கும் எஸ்எஸ்49ஈ ஹோல் சென்சர், 3.3 வோல்ற்றில். நடுவில் ±1 மில்லிமீற்றர் அளவு வரை வாசிப்பு நேர்கோடாக வரும். எஸ்டிஎம்32 மைக்ரோகொன்ட்ரோலரின் 12 பிட் அளவீட்டில் ஒரு படி சுமார் 2 மைக்ரோமீற்றர்.

அடுத்து ஒரு சோதனை, தவறவிடாதீர்கள். கையை மரக் கிளிப்பால் அசையாமல் பிடித்து, கொயிலில் +0.2, பிறகு −0.2 அம்பியர் ஓட்டுங்கள். கை நகரவில்லை, ஆனால் சென்சர் எண் மாறுகிறதா? அது கொயிலின் காந்தப்புலம் காட்டும் பொய். சென்சரை இன்னும் தூரத் தள்ளுங்கள். மிச்சம் இருந்தால், மின்னோட்டத்துக்கு ஏற்ற ஒரு திருத்தத்தைப் புரோகிராமில் கழியுங்கள். இரும்புக் கிளிப்பால் பிடித்தால் இந்தச் சோதனையே கெட்டுவிடும்.

சென்சரின் எண்ணைத் தூரத்தோடு ஒப்பிட டயல் கேஜ் (முள் காட்டும் அளவுமானி) வேண்டாம், அதன் வில் கையைத் தள்ளும். மைக்ரோமீற்றர் என்ற அளவுக் கருவியின் திருகு நுனியில் கையை மிகச் சிறு மின்னோட்டத்தால் சாய்த்து, 0.1 மில்லிமீற்றருக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிஐடி கட்டுப்பாடு மூன்று பகுதிகளின் கூட்டு: பி பிழையின் அளவுக்கும், ஐ சேர்ந்த பிழைக்கும், டி பிழை மாறும் வேகத்துக்கும் ஏற்பத் தள்ளும். அதை டைமர் இன்டரப்டில் (கடிகாரம் தவறாமல் கூப்பிடும் நிரல் பகுதியில்) செக்கனுக்கு 5000 தடவை ஓட்டுங்கள். மின்னோட்டம் கொடுப்பது முடுக்கத்தை, இடத்தை அல்ல. ஆகவே பி மட்டும் வைத்தால் கை ஆடிக்கொண்டே இருக்கும். முதலில் டி. விரலால் தள்ளும்போது தேனுக்குள் நகர்வது போல உணரும் வரை கூட்டுங்கள். கீச்சென்ற சத்தம் வந்தால் கையின் அதிர்வெண்ணைத் தொட்டுவிட்டீர்கள், டியைப் பாதியாக்கி அதற்கு ஒரு வடிகட்டி போடுங்கள். பிறகு பி. கடைசியில், மிகக் கொஞ்சமாக ஐ. ஐ கூடினால் கை இலக்கின் இருபுறமும் மெதுவாக அலையும். காரணம் பெயாரிங்கின் உராய்வு: கை ஒட்டி நிற்கும்போது ஐ சேர்ந்துகொண்டே போய், விட்டதும் தாண்டிவிடும். பிழை இரண்டு படிக்குள் வந்ததும் ஐ சேர்ப்பதை நிறுத்துங்கள். கையைக் கிடையாக வைத்தால், பாரத்தைத் தாங்கவே மின்னோட்டம் செலவாவதையும் தவிர்க்கலாம்.

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்கு அருகே வைத்தால் ஒவ்வொரு ரயிலும் வரைபடத்தில் தெரியும். தடித்த சலவைக்கல் பலகையும் கீழே இறப்பர் துண்டுகளும் ஓரளவு உதவும். கடற்காற்றில், நிக்கல் பூச்சு உடைந்த காந்தம் துருப்பிடித்து உதிரும். உடைந்த விளிம்பில் எப்பொக்சி பூசுங்கள்.

1 மைக்ரோமீற்றருக்குக் கீழே போக வேண்டுமென்றால் இந்தப் பெயாரிங் விடாது. அங்கே பீசோ அடுக்கும் வளையும் உலோகத் தகட்டுத் தாங்கியும் வேண்டும். பீசோ இழுவிசையில் உடையும் என்பதால் வில்லால் முன்னழுத்தம் கொடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே வோல்ற்றுக்கு இடம் 10 முதல் 15 சதவீதம் வரை வேறுபடும், எனவே அதற்கும் சென்சர் கட்டாயம். 1.5 மைக்ரோஃபரட் அடுக்கை 1 மில்லிசெக்கனில் 100 வோல்ற்றுக்கு ஏற்ற 150 மில்லிஅம்பியர் தேவை. இவ்வளவு ஈரப்பதனில், பொலிமர் பூச்சுள்ள அடுக்குக்கு உயர் வோல்ற்றை இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள். ஈரமும் நிலையான வோல்ற்றும் சேர்ந்தால் மின்முனை வெள்ளி நகர்ந்து ஒழுக்கு மின்னோட்டம் ஏறும், பின்பு குறுக்குச் சுற்றாகும்.