சின்ன வாஷிங் மெஷினின் ஹோஸ் எட்டவில்லையா? நீட்டுவது இப்படித்தான்

தண்ணீர் வருவதும் ஹோஸில்தான், வெளியேறுவதும் ஹோஸில்தான். ஆனால் வரும் ஹோஸில் குழாயின் அழுத்தம் இருக்கும். வெளியேறும் ஹோஸுக்கு வாட்டமும் உயரமும்தான் எல்லாம். அதனால் இரண்டையும் ஒரே முறையில் நீட்டக் கூடாது.

முதலில் மெஷினின் பிளக்கைக் கழற்றி, குழாயை மூடுங்கள். ஹோஸ் போகப்போகும் வழியிலேயே, மூலை திரும்புவது உட்பட, ஒரு கயிற்றை வைத்து அளந்து, ஒரு முழம் கூட்டிக்கொள்ளுங்கள். இழுத்துப் பிடித்த ஹோஸ் மெஷின் அதிரும்போது கழன்றுவிடும்.

தண்ணீர் வரும் ஹோஸ்

இதில் ஒட்டுப் போடவே வேண்டாம். நீளமான புது ஹோஸ் ஒன்றை வாங்கி மாற்றிவிடுவதே நல்லது. பல மெஷின்களில் மரை முக்கால் இஞ்ச். இருந்தாலும் பழைய ஹோஸைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். முனைக்குள் ரப்பர் வாஷர் மடங்காமல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிவைத் தடுப்பது அதுதான், அங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை. மரை நேராக ஏறுகிறதா என்று கவனித்துக் கையால் முறுக்குங்கள். பிளாஸ்டிக் மரையில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் விரிசல் விடும்.

வெளியேறும் ஹோஸ்

உங்கள் மெஷினில் பம்ப் இருக்கிறதா? ஹோஸைத் தரையில் இறக்கினால்தான் தண்ணீர் போகும் என்றால் பம்ப் இல்லை. அப்படியானால் முழு நீளமும் தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே, வடிகாலை நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும். நடுவில் மேடு விழுந்தால் அழுக்குத் தண்ணீர் அங்கேயே தேங்கும்.

பம்ப் உள்ள மெஷினில், ஹோஸ் எவ்வளவு உயரம் ஏறலாம் என்று கையேட்டில் இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம். அதற்காக ஹோஸைத் தரையோடு விட்டுவிடவும் கூடாது. வழியில் ஓரிடத்திலாவது தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி இறங்கவில்லை என்றால், தண்ணீர் நிரம்ப நிரம்ப வெளியே ஓடிவிடும்.

இந்த ஹோஸில் ஜாயின்ட் போடலாம். உள் அகலம் குறையாத ஜாயின்டாகப் பாருங்கள், குறுகலானதில் துணிப்பஞ்சு சிக்கும். ஹோஸ் முனையைச் சுடுநீரில் சற்று நேரம் வைத்தால் இளகி எளிதாக ஏறும். அப்புறம் இருபுறமும் ஒவ்வொரு கிளிப். நெளிநெளியான ஹோஸ் என்றால் கிளிப்பை வழவழப்பான முனைப்பகுதியில் மட்டும் போடுங்கள், நெளிவின் மேல் அது பிடிக்காது.

கடைசி முனையை வடிகால் பைப்புக்குள் காற்றுப் புகாதபடி திணிக்காதீர்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு, நழுவாமல் கட்டிவிடுங்கள்.

சரி, இப்போது சோதனை. துணி போடாமல் தண்ணீர் மட்டும் நிரப்பி வெளியேற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் சுற்றித் தொட்டுப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவையும் அது காட்டிவிடும். வரும் ஹோஸின் முனையில் ஈரம் தெரிந்தால் வாஷரைக் கழற்றித் திரும்பப் பொருத்துங்கள், வெளியேறும் ஹோஸில் என்றால் கிளிப்பைச் சரிசெய்யுங்கள். பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கத்தில் எந்த ஜாயின்டும் வரக் கூடாது. துவைத்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் குழாயை மூடிவிடுங்கள்.