சாலையில் குழி விழுந்தால் யாரைப் பிடிப்பது? தோட்டத்து ஊர்க்காரர்களுக்கு

மழை தொடங்கினாலே நம் ஊர் வாட்சாப் குழுக்களில் குழிப் படங்கள்தான். "வரி மட்டும் கரெக்டா வாங்குறான், ரோட்ட பாரு" என்று ஒருத்தர் போடுவார், கீழே நாலு பேர் திட்டுவார்கள், அப்புறம் யாராவது காலை வணக்கம் அனுப்பியதும் பேச்சு மாறிவிடும். சில இடங்களில் குழியில் வாழைக்கன்று நட்டு பத்திரிகைக்குப் படம் எடுத்தும் அனுப்புகிறார்கள். படம் வரும், ஆனால் கோப்பில் ஒன்றும் ஏறாது. குழியை மூட வைக்க வேண்டுமென்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சாலை யாருடையது? அது தெரிந்துவிட்டால் காசு எந்தப் பையிலிருந்து வர வேண்டும், யார் வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

மலேசியாவில் தோட்டத்தை ஒட்டிய ஊர்களில் இது கொஞ்சம் குழப்பமான விஷயம், ஏனென்றால் ஐந்து நிமிட மோட்டார் சைக்கிள் பயணத்துக்குள் நாம் நாலு பேருடைய சாலையில் ஓடியிருப்போம். பேராக் மாநிலத்தில் பீடோர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வழியாகப் போகும் பெரிய சாலை கூட்டரசுச் சாலை 1. அங்கிருந்து லங்காப் வழியாகத் தெலுக் இந்தானுக்குப் போவது கூட்டரசுச் சாலை 58. இவை இரண்டும் மத்திய அரசின் சொத்து, ஜே.கே.ஆர். என்னும் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் அது மாநிலச் சாலை: பேராக்கிற்கு 'ஏ', சிலாங்கூருக்கு 'பி', ஜொகூருக்கு 'ஜே', கெடாவுக்கு 'கே', நெகிரி செம்பிலானுக்கு 'என்'. இதையும் பெரும்பாலும் ஜே.கே.ஆர்.தான் பார்க்கிறது, ஆனால் காசு மாநிலக் கணக்கிலிருந்து. கடைவீதி, தாமான் (வீடமைப்புப் பகுதி) உட்சாலைகள், சந்தைப் பக்கம் எல்லாம் ஊராட்சி மன்றத்துடையது. பீடோர் என்றால் தாப்பா மாவட்ட மன்றம். தோட்டத்து கேட்டைத் தாண்டி லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் போகும் செம்மண் சாலை தோட்டக் கம்பெனியின் தனியார் நிலம்.

ஆகவே எண் பலகை இருக்கிறதா, சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் மன்றத்தின் பொறியியல் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். பார்க்காமல் புகார் கொடுத்தால் மூன்று வாரம் கழித்து "இத்து புக்கான் ஜாலான் காமி" (அது எங்கள் சாலை இல்லை) என்று பதில் வரும், அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யாக இருக்காது, அதுதான் எரிச்சல்.

சரி, காசு. நாம் கட்டும் ரோட் டேக்ஸ் ஜே.பி.ஜே. என்னும் சாலைப் போக்குவரத்துத் துறை வழியாக மத்திய அரசுக்குப் போகிறது. உங்கள் தாமான் குழிக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. நிலவரி என்னும் சுக்காய் தானா மாநில நில அலுவலகத்துக்கு. மன்றத்தின் கைக்கு நேராக வருவது வீட்டுக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி மட்டும்தான், நம் பெரியவர்கள் 'சுக்காய் பிந்து' என்பது அதைத்தான். தீபகற்பத்தில் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி இதை விதிக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் வீட்டின் ஆண்டு மதிப்பை, அதாவது வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்பதை வைத்துக் கணக்கு. மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்) வாடகை போகக்கூடிய வீடு என்றால் ஆண்டு மதிப்பு 4,800. உங்கள் பகுதிக்கு 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 384 வெள்ளி, அரையாண்டுக்கு 192. சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு, ஆனால் வழக்கத்தில் அதைவிட எவ்வளவோ குறைவாகத்தான் விதிக்கிறார்கள். ஜொகூரில் மட்டும் வாடகையை விட்டுவிட்டு சொத்தின் மதிப்பையே அடிப்படையாக எடுக்கிறார்கள். முதல் தவணை பிப்ரவரி முடிவுக்குள், இரண்டாவது ஆகஸ்டு முடிவுக்குள்.

இந்த 384 வெள்ளியில்தான் குப்பை, கால்வாய், புல்வெட்டு, தெருவிளக்கு, ஊழியர் சம்பளம் எல்லாம் ஓட வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் அலுவலகக் கோபுரங்களும் பெரிய கடைத்தொகுதிகளும் கட்டும் வரி இருக்கிறது. நம் ஊரில் மலிவு விலை வீடுகளும், இரண்டு வரிசைக் கடைகளும், ஒரு பெட்ரோல் நிலையமும். இதை வைத்துக்கொண்டு மன்றம் சொந்தக் காசில் ஒரு சாலை முழுக்கத் தார் போடும் என்று எதிர்பார்க்க முடியாது. வரி கட்டாமல் இழுத்தடிப்பவர்கள்தான் முதலில் குரல் உயர்த்துகிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் சாலைக்கான பெரிய காசு எங்கிருந்து? மத்திய அரசின் மாநிலச் சாலை மானியத்திலிருந்து. கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது விதியும் பத்தாவது அட்டவணையும் இதற்கு அடிப்படை. மாநிலத்தில் எவ்வளவு நீளச் சாலை இருக்கிறது, அதைக் குறைந்தபட்சத் தரத்தில் பராமரிக்கச் சராசரியாக எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு மத்திய அரசு மாநிலத்துக்குக் கொடுக்கிறது. மாநிலம் அதை ஜே.கே.ஆர்., ஊராட்சி மன்றங்கள், மாவட்ட அலுவலகங்கள் என்று பிரித்துக் கொடுக்கிறது. எந்தெந்தச் சாலை இந்தக் கணக்கில் சேரும் என்பதை வைத்திருக்கும் பதிவேட்டுக்கு மாரிஸ் என்று பெயர். மன்ற அலுவலகத்தில் யாரிடம் கேட்டாலும் மாரிஸ் என்றால் புரியும், அந்தக் காசையே 'டுவிட் மாரிஸ்' என்றுதான் சொல்வார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம். மாரிஸில் ஏறாத சாலைக்கு மாரிஸ் காசு வராது. கிலோமீட்டர் கணக்கிலேயே இல்லாத சாலைக்கு யாரும் எதுவும் ஒதுக்க மாட்டார்கள். வருடா வருடம் கெஞ்சித்தான் வாங்க வேண்டும். ஆகவே கவுண்டரில் நின்று "எப்போது குழியை மூடுவீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள், "இந்தச் சாலை மாரிஸில் பதிவாகியிருக்கிறதா, இல்லையென்றால் ஏன்" என்று கேளுங்கள். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பதிவாகாமல் இருப்பதற்கு நம் பக்கத்தில் வழக்கமாக இரண்டு காரணம். ஒன்று, தோட்டத்தை விற்று வீடு கட்டிய இடங்கள். மேம்பாட்டாளர் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், ஆனால் சாலையை முறைப்படி மன்றத்திடம் ஒப்படைத்திருக்க மாட்டார். கால்வாய் சரியில்லை, தார் கனம் பற்றவில்லை என்று மன்றம் ஏற்க மறுத்திருக்கும். ஒப்படைக்கும் வரை 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அது தனியார் சாலைதான். இந்த நிலையில் மன்றத்தைத் திட்டிப் பயனில்லை. எந்தக் குறையைக் காட்டி ஏற்கவில்லை என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தக் கடிதத்தோடு மேம்பாட்டாளரைப் பிடிக்க வேண்டும். கம்பெனி இன்னும் உயிரோடு இருக்கும்போதே பிடித்துவிடுங்கள். மூடிவிட்டால் கடிதம் அனுப்ப ஆளே இருக்காது.

இரண்டாவது, தோட்டச் சாலை. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்ப்பள்ளியும் கோயிலும் உள்ளே இருக்கும், ஐம்பது வருடமாக எல்லோரும் போய்வரும் பாதையாக இருக்கும், ஆனால் பட்டாவில் அது கம்பெனி நிலம். மன்றம் தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைக் கொட்டினால் தணிக்கையில் மாட்டும், அதனால் தொட மாட்டார்கள். வழி இல்லாமல் இல்லை. கம்பெனி அந்தத் துண்டு நிலத்தை அரசுக்கு ஒப்படைத்தால், தேசிய நிலச் சட்டப்படி அதைச் சாலைக்கான ஒதுக்கு நிலமாக அரசிதழில் அறிவிக்கலாம். அப்புறம் மாரிஸ் பதிவுக்கு மனு செய்யலாம். பொது வழியுரிமை ஏற்படுத்தவும் அதே சட்டம் நில நிர்வாகிக்கு அதிகாரம் கொடுக்கிறது. இரண்டும் மெதுவாக நகரும் வேலை, மாவட்ட நில அலுவலகம்தான் வாசல். தோட்டக் குடியிருப்பாளர் சங்கம், கோயில் கமிட்டி, பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூன்றும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதற்கு எடை உண்டு. தனித்தனியாக மூன்று கடிதம் போனால் மூன்று கோப்பாகி மூன்றும் தூங்கும்.

சாலை மன்றத்துடையதுதான் என்று உறுதியாகிவிட்டால் புகார் சுலபம். மலாயில் எழுதுங்கள். சாலைப் பெயர், தாமான் பெயர், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரில், பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண். இந்தக் கம்ப எண் ரொம்ப முக்கியம். "கோயில் தாண்டி வளைவில்" என்றால் நமக்குப் புரியும், குத்தகையாளருக்குப் புரியாது. படம் இரண்டு எடுங்கள்: குழியின் பக்கத்தில் தண்ணீர் போத்தல் வைத்து அளவு தெரிய ஒன்று, பின்னால் வீடும் கம்பமும் தெரியத் தூரத்திலிருந்து ஒன்று. மன்றத்தின் இணையப் புகார் முறையில் போடலாம், இல்லையென்றால் பொதுப்பணி அமைச்சு 2023இல் கொண்டுவந்த மைஜாலான் செயலியில் போடலாம், அது உரியவருக்கு அனுப்பிவிடும். எதில் போட்டாலும் புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். வாய்மொழிப் புகாருக்கு எண் கிடையாது, எண் இல்லாத புகாரைத் தொடரவும் முடியாது.

வேலைக்கு ஆள் வரும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். ஒழுங்கான ஒட்டு என்றால் உடைந்த விளிம்பைச் சதுரமாக வெட்டி எடுப்பார்கள், உள்ளே இருக்கும் மண்ணையும் தண்ணீரையும் அகற்றுவார்கள், அடியிலும் ஓரத்திலும் தார்க்கரைசல் பூசி, தார்க்கலவையைக் கொட்டி, கருவியால் நன்றாக அழுத்துவார்கள். குழியில் தண்ணீர் நிற்கும்போதே தார்க்கலவை மூட்டையைப் பிரித்துக் கொட்டி, மண்வெட்டியால் நாலு தட்டுத் தட்டி, லோரி டயரை மேலே ஏற்றி இறக்கினால் அடுத்த மழைக்கே பெயர்ந்துவிடும். அப்படி நடந்தால் வீடியோ எடுத்து, அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். இன்னொன்று: ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குழி விழுந்தால் தாரைப் பார்க்காதீர்கள், கால்வாயைப் பாருங்கள். செம்பனை ஓலையும் குப்பையும் அடைத்துத் தண்ணீர் சாலைக்கு அடியில் ஊறியிருக்கும். அந்த இடத்தில் கேட்க வேண்டியது கால்வாய் சுத்தம். குலை ஏற்றிய லோரிகள் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு போவதுதான் காரணம் என்றால் அது ஜே.பி.ஜே.யிடம் போக வேண்டிய புகார்.

ஒட்டுப் போட்டுத் தீராது, முழுச் சாலைக்கும் புதுத் தார் வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. மன்றத்தின் நிதியாண்டு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. நவம்பரில் போய்க் கேட்டால் "பஜெட் ஹாபிஸ்" (ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது) என்பார்கள், உண்மையும் அதுதான். ஜூன், ஜூலையிலேயே உங்கள் பகுதிக் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள், அப்போதுதான் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் நுழைய வாய்ப்பு. கவுன்சிலர்கள் நம் ஓட்டில் வருபவர்கள் அல்ல, மாநில அரசு நியமிப்பவர்கள். ஆகவே நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள், அவருக்குத்தான் ஓட்டுப் பயம் இருக்கிறது. மன்றத்தின் முழுக்கூட்டம் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்தது, கூட்டமே வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய. தேதி கேட்டுவிட்டு நாலைந்து பேர் போய்ப் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்தாலே போதும், கவுன்சிலர் அன்று உங்கள் சாலையைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்.

குழியில் விழுந்து அடிபட்டாலோ வண்டி உடைந்தாலோ அன்றே போலீஸ் புகார் செய்து, குழியை மூடுவதற்குள் படம் எடுத்து, மருத்துவ ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பொது அதிகார அமைப்புகள் மீது வழக்குப் போட 1948ஆம் ஆண்டுச் சட்டம் 36 மாத காலம்தான் கொடுக்கிறது. நீங்கள் விழுவதற்கு முன்பே அதே குழியைப் பற்றி யாராவது புகார் கொடுத்து எண் வாங்கியிருந்தால், அதை உங்கள் வழக்கறிஞரிடம் முதலில் காட்டுங்கள்.